கொடியேறிப் பன்னிரண்டாம் நாள் நட்ட செலரி

786

நிந்தவூர்
ஜனவரி 21

என் அன்பு மகள் பஸ்மினாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் ஷிப்லியும் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தக் கட்டார் மண்ணில் வயிறும் மனமும் நிறைந்து இருக்க வேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன், கேட்டதை அல்லாஹ் தந்துகொண்டும் இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். இங்கே வாப்பாவுக்குப் பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எனக்கு முழங்காலுக்கு மட்டும்தான் வயதாகியிருக்கிறது, வாய்க்கு இன்னும் ஆகவில்லை, அதனால் வந்த வினையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாள்தோறும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற உம்மாவுக்கு இப்போது எதற்குப் பேனாவும் தாளும் என்று நீ சிரிப்பாய். நம் வீட்டுப் போன் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்தானே, வாப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அதைக் காதிலும் வைத்துக்கொள்வார், உன் தங்கச்சி றுமானா என் தோளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்ப்பாள், எனக்கென்று ஒரு இரகசியம் கதைக்க இந்த வீட்டில் ஒரு மூலை இல்லை. மூன்றாம் குறுக்குத் தெரு ஹுஸ்னியா மகளின் பிரசவத்துக்காக வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள். செலரி விதைப் பக்கற்றோடு இதையும் ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். வழியில் அவள் பிரித்து வாசித்தால் அவளுக்கும் புத்தி வரட்டும்.

நீ இரண்டு கிழமைக்கு முன்னே ஒரு கேள்வி கேட்டாய், வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மண் கிடைத்திருக்கு, செலரி போட ஆசையாக இரிக்கி, எப்ப நடுற உம்மா என்று. நான் மூச்சு விடாமல் பதில் சொன்னேன், கொடியேறிப் பன்னிரண்டாம் நாள் நடு மகள், கந்தூரிச் சோறு திண்ட கையோட நட்டாக் கட்டாயம் பிடிக்கும் என்று. அதற்கு நீ, அது இங்கிலீஷ் மாதத்துக்கு எத்தனையாம் திகதி உம்மா என்று கேட்டாய். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அந்தக் கேள்வி மட்டும் வராமல் இருந்திருந்தால் உன் தங்கச்சியின் குடும்பம் இன்றைக்கு என்ன நிலையில் நின்றிருக்குமோ தெரியாது மகள். பயப்படாதே, இப்போது எல்லாம் நல்லபடி, ஆனால் முதலில் இருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

நான் செலரி போடத் தொடங்கியது வாப்பாவுக்காக. டொக்டர் உப்பைக் குறை என்றதும் மனுசன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக் கண்ணீர் விடாத குறை. சூப்பிலும் மீனாணத்திலும் செலரி இலையை அரிந்து போட்டால் உப்புக் குறைந்தது தெரியவில்லை என்று அவரே சொன்னார், கடையில் வாங்கினால் அது நுவரெலியாவில் இருந்து வந்து சேருவதற்குள் வாடிப்போய்க் கிடக்கிறது, சரி நானே போடுகிறேன் என்று இறங்கினேன். முதல் வருடம் நாற்பது கன்று நட்டேன், ஒன்று தப்பாமல் நாற்பதும் பிடித்தது. இந்தக் கடற்கரை மணலில் செலரியா என்று தெருவே வந்து பார்த்தது. நான் நட்ட நாள் கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் கந்தூரிக்குக் கொடியேறிப் பன்னிரண்டாம் நாள், கந்தூரிச் சோறு வாங்கி வந்து வைத்துவிட்டு நேரே பாத்திக்குப் போனது நல்ல ஞாபகம். அந்த நாளின் பறக்கத்து, அதன் அருள்தான் என்று பிடித்துக்கொண்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே ஓதினேன், எதிர்வீட்டுச் சுல்பிகா கலண்டரில் குறித்தும் வைத்தாள்.

அடுத்த வருடம் அதே கொடி, அதே பன்னிரண்டு, ஏழெட்டுக் கன்று மஞ்சளாகிப் போனது. மாட்டெரு சரியில்லை என்றேன். அதற்கு அடுத்த வருடம் பாதி போனது, சுல்பிகாவின் கோழிகள் கிண்டிவிட்டன என்று அவளோடு ஒரு கிழமை முகம் கொடுக்கவில்லை. இந்த முறை நாற்பதில் முப்பது அழுகி மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். எரு முடிந்தது, கோழியும் முடிந்தது, இனி யாரைச் சொல்ல என்று தேடினேன், வளவுக்குள் புதிதாக இருந்தவர் ஒருவர்தான், உன் தங்கச்சியின் மாப்பிள்ளை றிஸ்மி.

பாவம் அந்தப் பிள்ளை. அக்கரைப்பற்றில் இருந்து நம் வீட்டுக்கு வந்து பத்து மாதம், நில அளவைக் கந்தோரில் வேலை, எண்ணி எண்ணித்தான் கதைப்பார். நானும் அவரோடு கதைத்ததில்லை என்று உனக்குத் தெரியும். இந்தக் காலத்து மாமிமார் மருமகனோடு சிரித்துக் கதைக்கிறார்கள், எனக்கு அது வராது, என்னுடைய உம்மா எப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று சோறு கொடுத்தாவோ அப்படித்தான் நானும். சோற்றுக்கு ஆணம் போதுமா என்று கேட்கவும் றுமானாதான் நடுவில் நிற்க வேண்டும். மனதில் மரியாதை இல்லாமல் இல்லை மகள், அவர் பீங்கானில்தான் செலரியை அள்ளி அள்ளிப் போடுவேன், வீட்டில் விளைந்த நல்ல பொருள் முதலில் மாப்பிள்ளைக்குத்தானே.

மழை விடாமல் ஊற்றின நாட்களில் அவர் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து வாளியும் கையுமாகச் செலரிப் பாத்திக்குள் குனிந்து நிற்பதைக் குசினி யன்னலால் தினமும் கண்டேன். வானம் ஊற்றுகிற தண்ணீர் காணாதென்று இவர் வேறு ஊற்றுகிறார், டவுன் பிள்ளை, பயிரைப் பற்றி என்ன தெரியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முப்பது கன்றும் படுத்த அன்று பல்லுக்குள் நிற்கவில்லை. அவர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றார். நான் கோழிக்குக் குறுணல் போட்டுக்கொண்டு கோழியிடம் சொன்னேன், சில பேருக்கு வாளியக் கண்டாக் கை சும்மா இரிக்காது, படிச்சி என்ன, கந்தோருக்குப் போய் என்ன, ஒரு செலரிக் கண்ட வளக்கத் தெரியாட்டி, திண்டு படுக்க மட்டும் ஒரு ஊடு கெடச்சிட்டு என்று. கோழிக்கு விளங்கவில்லை, அவருக்கு விளங்கியது. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை ஒரு பையில் நாலு உடுப்பை எடுத்துக்கொண்டு, உம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன், பக்கத்தில் ஆள் இல்லை என்று றுமானாவிடம் சொல்லிவிட்டு அக்கரைப்பற்றுக்குப் போனார். ஒரு நாள், மூன்று நாள், ஒரு கிழமை. நம் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளை ஒரு பையோடு வந்து ஏறுகிறவர், அதே பையோடு அவர் இறங்கிப் போய்க் கிழமையும் தாண்டினால் ஊர் சும்மா இருக்குமா. மருமகனக் காணல்லியே என்று மீன்காரனும் கேட்டான், ஓம் ஓம் உம்மாவுக்குச் சுகமில்ல என்று எல்லோருக்கும் ஒரே பாட்டைப் பாடினேன். போன் எடுத்தாலும் ரெண்டு சொல்லோட வெச்சிர்றார், நான் என்ன பிழ செஞ்ச உம்மா என்று றுமானா கண் வீங்கிக் கேட்டாள். அவள் ஒரு பிழையும் செய்யவில்லை, பிழை என் வாயில், அது எனக்குத் தெரியும். கோழிக்கு முன்னால் அப்படித் திறந்த வாய் என் பிள்ளைக்கு முன்னால் திறக்கவில்லை மகள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ளலாமா. வெட்கத்தில் வாப்பாவிடமும் மறைத்தேன்.

அவர் போன பிறகும் ஒரு பெருமழை அடித்தது. விடிந்து பார்த்தால் செலரிப் பாத்தி குளம், மிஞ்சின பத்துக் கன்றும் தலை மட்டும் தெரிய நிற்கிறது. அவர் இருந்தபோது இதைவிடப் பெரிய மழை பெய்தும் பாத்தியில் இப்படித் தண்ணீர் நின்றதில்லையே என்று அப்போதுதான் மூளைக்கு எட்டியது. கிட்டப் போய்ப் பார்த்தேன், பாத்தி ஓரத்தில் ஒரு சிரட்டை கிடந்தது, அங்கிருந்து தெருவோரத் தண்ணீர்க் கான் வரைக்கும் இரண்டு விரல் ஆழத்துக்கு வாய்க்கால் கீறி ஓட்டுத் துண்டு பதித்திருந்தது. யா அல்லாஹ், அந்த மனுசன் தண்ணீர் ஊற்றவில்லை, சிரட்டையால் அள்ளி வாளியில் நிரப்பி வெளியே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார், தினமும், சுபஹுக்குப் பிறகு, அந்தக் குளிரில். நான் கோழியிடம் அப்படிச் சொன்னபோதும், மாமி நான் ஊத்தல்ல அள்ளின என்று ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. நான் அந்த ஈரத்திலேயே குந்திவிட்டேன், அதே சிரட்டையால் நானும் அள்ளினேன், அள்ள அள்ள அழுகை வந்தது.

அப்படியும் மனது ஒரு கள்ள மனது பார், சரி அவர் அழிக்கவில்லை, அப்ப யார் அழித்தது என்று கேட்டது. அன்றைக்குப் பின்னேரம்தான் நீ போன் எடுத்துத் திகதி கேட்டாய். வருடாவருடம் நட்ட அன்றே உனக்குப் போட்டோ அனுப்புகிறவள் நான், அதில் திகதி இருக்குமே என்று றுமானாவைக் கொண்டு தேடிப் பார்த்தேன். முதல் வருடம் ஜனவரி பதினாறு. அடுத்தது ஜனவரி ஐந்து. அதற்கு அடுத்தது டிசம்பர் இருபத்தாறு. இந்த முறை டிசம்பர் பதினைந்து. போனுக்குத்தான் பைத்தியம் என்று நினைத்தேன். மறுநாள் காரைதீவில் இருந்து கீரை கொண்டு வருகிற செல்லத்தங்கத்திடம் காட்டினேன். அவள் முதல் போட்டோவில் கிணற்றுக் கட்டில் இருந்த சருவப் பானையைச் சுட்டிக்காட்டி, அது எண்ட சருவம்கா, பொங்கல் முடிஞ்ச கையோட உங்களுக்குப் புக்கை கொண்டு வந்தனே, மறந்திட்டீங்களா என்று கேட்டாள். அந்த வருடம் அவளுடைய தைப்பொங்கலும் நம்முடைய கந்தூரியும் அடுத்தடுத்து வந்திருக்கிறது. நான் தைக்கு நடுற, நீங்க கொடிக்கு நடுற, எண்ட தை இருந்த இடத்துல இருக்கு, உங்கட கொடி வருசா வருசம் பதினொரு நாள் முன்னுக்கு நடந்து போகுதுகா, இப்ப அது மாரிக்குள்ள போய் நிக்குது என்று சிரித்தாள்.

பிறை மாதம் நடக்கும் என்று எனக்குத் தெரியாதா மகள், நோன்பை வெயிலிலும் பிடித்திருக்கிறேன், மழையிலும் பிடித்திருக்கிறேன், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த காரியம். அது செலரிக்குத் தெரியாது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது. அதற்குப் பிறை ஏது, கொடி ஏது, குளிரும் வேண்டும், காலில் தண்ணீர் நிற்கவும் கூடாது, அவ்வளவுதான் அதன் மார்க்கம். எருவும் இல்லை, கோழியும் இல்லை, மருமகனும் இல்லை, நாள் பிழை, அந்த நாளைக் குறித்தவள் நான்.

சனிக்கிழமை காலையில், சம்பந்தியின் கண்ணைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறினேன். ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஒவ்வொரு இடமாகப் போகப் போக, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். போய்ப் பார்த்தால் அந்த மனுசிக்கு உண்மையிலேயே ஒப்பரேஷன், ஒரு கண்ணில் கட்டோடு இருந்தா, அவர் சொன்னது பொய் இல்லை. தேத்தண்ணி தந்தா. றிஸ்மி வெளி விறாந்தையில் மோட்டார் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார், நடுவில் ஒரு திரைச்சீலை. எனக்குப் பழகின வழிதானே, திரைக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று சம்பந்தியைப் பார்த்து, சில பேர் அவசரப்பட்டுக் கதைச்சிர்றாங்க, மறுகா கவலப்படுறாங்க என்று தொடங்கினேன். அந்த மனுசி ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து, யாரு மச்சி அந்தச் சில பேரு என்று கேட்டா.

எழும்பினேன், திரையை விலக்கினேன், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன். பத்து மாதத்தில் அதுதான் முதல் தடவை. மகன், செலரிய அழிச்சது நான்தான், நாள் பிழையாப் போச்சி, நீங்க தண்ணி அள்ளினதாலதான் பத்துக் கண்டு உசிரோட இரிக்கி, நான் கதைச்ச கதை பிழை, மனசுல வெச்சிக்காம ஊட்ட வாங்க என்று சொன்னேன்.

அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெதுவாகச் சொன்னார், மனசு நொந்ததுதான் மாமி, இல்லெண்டு சொல்லல்ல, எண்டாலும் எனக்கு ஒண்டு சொல்லணும், எனக்குச் செலரி ஆகாது, அந்த மணம் மூக்குல பட்டாலே கொமட்டும் என்று. அப்ப எதுக்கு மகன் அந்தக் குளிருக்குள்ள தண்ணி அள்ளினீங்க என்று கேட்டேன். அதற்கு அவர், நீங்க காலையில குசினி யன்னலால அந்தப் பாத்தியப் பாத்துச் சிரிப்பீங்க மாமி, நான் வந்த நாளையிலிருந்து உங்கட சிரிப்ப வேற எங்கயும் கண்டதில்ல, அதுவும் இல்லாமப் போயிடப் படாதெண்டுதான் அள்ளின என்றார்.

சம்பந்தி வீட்டு விறாந்தையில் நின்று அழுதேன் மகள், வெட்கம் பார்க்காமல் அழுதேன். சம்பந்தி உள்ளே இருந்து, எனக்குத்தானே கண்ணுல ஒப்பரேஷன், யாருகா அங்க அழுவுற என்று கேட்டா, அதோடு எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கட்டு அவிழ்க்கிற வரைக்கும் உம்மாவோடு இருக்க வேண்டும் என்றார் றிஸ்மி, அது நியாயம்தானே. செவ்வாய் பின்னேரம் அசர் தொழுகை நேரத்துக்குப் பையோடு வந்து இறங்கினார். றுமானாவுக்கு எல்லாவற்றையும் நானே சொன்னேன், கோழிக் கதையையும் விடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு நாள் கோபமாக இருந்தாள், மறுநாள் அவளும் ஒரு கள்ளத்தை ஒப்புக்கொண்டாள், நான் கதவுக்குப் பின்னால் இருந்து அனுப்பின செலரி அத்தனையையும் அவர் பீங்கானில் இருந்து பொறுக்கித் தின்றது அவள்தானாம். என் வீட்டில் இரண்டு கள்ளர்.

சரி, இனி உன் கேள்விக்குப் பதில், இதைக் கவனமாக வாசி. இங்கே என்றால் ஒக்டோபரில், பெருமழைக்கு முன்னே, கூரைக்குக் கீழே, மீன் அடைத்து வருகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் விதைக்க வேண்டும், மழை ஓய்ந்து தை பிறந்த கையோடு பாத்தியில் நட வேண்டும், மாசி பங்குனியில் வெளித்தண்டாகப் பார்த்து ஒடித்துக்கொள்ளலாம், சித்திரை வெயில் ஏறினால் கசந்துவிடும். உங்கள் ஊரில் மாரி இல்லை, அதனால் எங்கள் திகதியைப் பார்க்காதே, உங்கள் குளிரைப் பார். வெக்கை குறைகிற ஒக்டோபரில் விதைத்து, நல்ல குளிர் விழுகிற டிசம்பர் கடைசியில் நடு. இப்போது ஆசைப்பட்டு விதைத்தால் நாற்று எழும்புவதற்குள் உங்கள் வெயில் வந்து பொசுக்கிவிடும், ஆகவே பக்கற்றைக் காற்றுப் புகாத போத்தலில் போட்டு வை. விதை கடுகைவிடச் சின்னது, ஓர் இரவு ஊற வைத்து மணலோடு கலந்து மேலால் தூவி உள்ளங்கையால் அமத்திவிடு, மண் போட்டு மூடினால் முளைக்காது. ஈரச் சாக்குப் போட்டு வைத்து, பத்து நாள் போனதும் தினமும் தூக்கிப் பார், முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிடு. இருபது நாள் வரைக்கும் ஒன்றும் தெரியாமல் இருந்தாலும் தோண்டிப் பார்க்காதே, உன் அவசரம் எனக்குத் தெரியும், அது என்னிடம் இருந்து வந்த அவசரம்தான். ஐந்தாறு இலை வந்த பிறகு சாண் இடைவெளி விட்டு நடு, பின்னேர வெயில் படாத பக்கமாகப் பார்.

இங்கே பெட்டியில் மிஞ்சிக் கிடந்த நாற்றில் இருபத்துமூன்றைப் போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நட்டோம். பாத்தியை ஒரு முழம் உயர்த்தி மட்டம் பார்த்தது றிஸ்மி, அளவைக் கந்தோர்க்காரர் அல்லவா, செலரிக்கும் நூல் பிடித்தார். அவருக்கு மணம் பிடிக்காது என்று நான் தள்ளி நிற்கச் சொன்னேன், கேட்கவில்லை, மூக்கைக் கைலேஞ்சியால் கட்டிக்கொண்டு நட்டார். வாப்பா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, கள்ளனப் போல இரிக்கி என்று சிரித்துக் களைத்துப் போனார். சுல்பிகாவிடமும் போய் நாள் பிழை என்று சொன்னேன். அவளுக்கும் அழுகினதுதானாம், நான் கோபித்துக்கொள்வேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள், கலண்டரில் குறித்ததை எனக்கு முன்னாலேயே வெட்டினாள்.

உனக்கும் உன் வீட்டுக்கும் அல்லாஹ் பறக்கத்தைத் தரட்டும், பிள்ளைகளுக்கு நல்ல அறிவையும் நீண்ட ஆயுளையும் தரட்டும், ஷிப்லியின் வேலையில் சிரமம் இல்லாமல் ஆக்கட்டும். குளிருக்குப் பிள்ளைகளின் காதை மூடிவிடு, தொழுகையை விட்டுவிடாதே. மறக்காமல் ஒன்று செய் மகள். ஷிப்லி கட்டாருக்குப் போகும் முன் ஐந்து வருடம் நம் வீட்டில் இருந்தவர், நான் கதவுக்குப் பின்னால் இருந்து அனுப்பின எல்லாவற்றையும் ஒரு பேச்சு இல்லாமல் தின்றவர். அதில் எது எது அவருக்கு ஆகாமல் இருந்தது என்று நான் கேட்டதாகக் கேட்டு, ஒன்றையும் மறைக்காமல் எழுது. இந்த முறை லீவில் வரும்போது முன்னால் நின்று நானே கேட்டுக் கேட்டு வைக்கப் போகிறேன்.

உன் துஆவை எதிர்பார்க்கும்
உம்மா
அஸீஸா